பீட்ரூட் என்று சொன்னது

மௌலா அலி,
ஆகஸ்ட் 9, சனிக்கிழமை.

கர்த்தருக்குள் பிரியமான மகள் பிளெசிக்கு,

டாடி எழுதுவது. நான் சுகம் என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய். சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், அது வரைக்கும் உண்மை. நீ போனை எடுப்பதில்லை, அதனால்தான் இத்தனை வருஷத்துக்கப்புறம் பேனாவைத் தேடினேன். தெலுங்கும் இங்கிலீஷும் படித்த பிள்ளைக்கு மம்மி வேதாகமத்தை வைத்துத் தமிழ் வாசிக்கப் பழக்கினாள். மெதுவாக வாசி. எந்த வரியையும் தாண்டாதே.

உங்கள் வார்டன் ரஞ்சனா மேடம் புதன்கிழமை கூப்பிட்டார். குண்டூருக்குத் திரும்பிய நாளிலிருந்து நீ வார்டு டியூட்டிக்குப் போகவில்லை, நர்சிங் படிப்பை நிறுத்துவதாக எழுதிக் கொடுத்திருக்கிறாய் என்றார். நல்ல மனுஷி. பதினெட்டாம் தேதி வரைக்கும் அந்தக் காகிதத்தைப் பிரின்சிபாலிடம் கொடுக்காமல் வைத்திருப்பாராம்.

காரணம் அவருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும். அடக்கம் முடிந்த சாயங்காலம் நீ கேட்டாய்: நான் ரத்தத்தைப் பார்த்தால் மயங்கி விழுகிறவள் என்றுதானே மறைத்தீர்கள், அப்படியென்றால் மம்மி போனது என்னால்தானே என்று. நான் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். நீ அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டாய்.

ஆமாம் இல்லை, பிளெசி.

மம்மிக்கு இரண்டு வாரமாகத்தான் ரத்த வாந்தி என்று உன்னிடம் சொன்னேன். அது பொய். ஏழு மாதம். கிறிஸ்மஸ் லீவில் வாஷ்பேசினில் சிவப்பாகப் பார்த்து நீ கேட்டாயே, பீட்ரூட் என்றாளே, அப்போதே எனக்குத் தெரியும். மறுநாள் நானே போய் இரண்டு கிலோ பீட்ரூட் வாங்கி வந்தேன். நீ ஊருக்குப் போகும் வரைக்கும் பொரியல், கூட்டு, அல்வா. இது வீடா பீட்ரூட் கடையா என்று நீகூடக் கேலி செய்தாய்.

மம்மி என்ன சொன்னாள் என்பதையும் மறைக்கவில்லை. "இப்பத்தான் புள்ள தைரியமா ஊசி எடுக்குது. என் ரத்தத்தப் பாத்தா படிப்ப விட்டுட்டு வந்து உக்காந்துரும், அவகிட்ட சொல்லவே நக்கோ" என்றாள். சரி, உன்னிடம் சொல்ல வேண்டாம். அவளை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போக எனக்கு யார் நக்கோ சொன்னது?

உனக்கு இந்தப் பயம் மம்மி வீட்டு வழியில் வந்தது என்று நம் வீட்டில் சொல்லிச் சிரிப்போம். மம்மியும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். அது என்னிடமிருந்து வந்தது, மகளே. நீ பிறந்த அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் மயங்கி விழுந்தவன் நான். கோழிக்கடைக்கு எப்போதும் மம்மியே போனது எதற்கு என்று நினைத்தாய்? ஆண்பிள்ளை, வெளியே தெரிந்தால் வெட்கம் என்று கல்யாணமான புதிதில் அவளிடம் சத்தியம் வாங்கினேன். இருபத்திரண்டு வருஷம் காப்பாற்றினாள்.

அவள் பாத்ரூமில் வாந்தி எடுக்கும்போது நான் ஹாலில் டிவி சத்தத்தைக் கூட்டுவேன். அவளே கழுவி, பினாயில் ஊற்றி, முகம் துடைத்துக்கொண்டு வந்து எனக்கு டீ போடுவாள். எவ்வளவு வந்தது என்று ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டால் பார்க்க வேண்டிவருமே. வெறும் அசிடிட்டி என்றாள். நம்பினேன், எனக்கு அது சௌகரியமாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக் கிளம்புகிற நேரத்தில் அடுக்களையில் விழுந்தாள். வாயெல்லாம் ரத்தம், சேலையெல்லாம் ரத்தம். என்னைத்தான் கூப்பிட்டாள். அடுக்களை வாசல் வரைக்கும் போனேன், கண் இருட்டியது, வெளியே வந்துவிட்டேன். ஆட்டோ பிடிக்க ஓடியதாக எல்லாரிடமும் சொன்னேன். நான் எங்கேயும் ஓடவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன்.

எதிர்வீட்டு நாகம்மாதான் ஓடி வந்து அவள் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். "அன்னா, லோபலிக்கி ரண்டி" என்று என்னை உள்ளே கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். நான் போகவில்லை. ஆம்புலன்ஸ் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. இதை நாகம்மா யாரிடமும் சொல்லவில்லை. போன வாரம் சாம்பார் கொண்டுவந்தவளிடம் உனக்குப் பயமாக இல்லையா என்று கேட்டேன். கை கால் உதறியது அன்னா, ஆனால் அக்கா என் கையைப் பிடித்திருந்தாளே, எப்படி விடுவது என்றாள்.

அந்தக் கை நான் பிடித்திருக்க வேண்டிய கை.

முதல் வருஷம் லேபில் மூன்று தடவை விழுந்து, நாலாம் தடவை நின்றவள் நீ. மம்மி அதைச் சபையில் ஒரு ஆள் விடாமல் சொன்னாள். எனக்கு ஐம்பத்தாறு வயது, இன்னும் ஒரு தடவைகூட நின்றதில்லை.

என்னை மன்னிக்கச் சொல்லி எழுதவில்லை. உன்னால் எப்போது முடியுமோ அப்போது, முடியாவிட்டாலும் சரி. ரஞ்சனா மேடத்திடம் அந்தக் காகிதத்தைத் திரும்ப வாங்கிக்கொள். கை நடுங்கினால் நடுங்கட்டும், கர்த்தர் பிடித்துக்கொள்வார். வார்டில் யாராவது ஒருத்தி உன்னைக் கூப்பிடுவாள். நீ உள்ளே போ, மகளே.

உன் டாடி,
சிலாஸ்