அல்லேலூயாவுக்கு ஒரு குழி

மார்ச் 12
பாடகர் குழு என் கைக்கு வந்தபின் முதல் தவக்காலம். எங்கள் லத்தீன் கத்தோலிக்க வழிபாட்டில் ஈஸ்டருக்கு முந்தின பாஸ்கா இரவு வரை அல்லேலூயா கிடையாது. சும்மா விடுவதற்குப் பதில், அந்தச் சொல்லைத் துணியில் எழுதி, பெட்டியில் வைத்து, கோவில் முற்றத்தில் புதைக்கலாம் என்றேன். எங்கள் பங்குச் சாமியார் அபூனா ரிஃபாத் என்னையே பார்த்தார். "ஆலிவ் மரத்து வேரை வெட்டிடாதம்மா" என்றார். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

மார்ச் 17
புதைத்தோம். ஆர்கனுக்கு உறை போட்டாயிற்று. பாஸ்கா வரை அந்தச் சொல் வீட்டில்கூட வாயில் வரக் கூடாது என்று குழு முழுவதிடமும் சத்தியம் வாங்கினேன். கீழ்க்குரல் பாடும் அபூ ஜிரியஸ், "தும்மும்போது வந்துட்டா?" என்றார். முறைத்தேன்.

மார்ச் 19
மாதபா மாதிரி சின்ன ஊரில் எதுவும் மறையாது. அக்கா விதாத் போன் செய்தாள். கல்யாணமாகி ஆர்த்தடாக்ஸ் கோவிலுக்குப் போனவள். அங்கே நோன்பில் பால், பாலாடைக்கட்டி தொட மாட்டார்கள்; அல்லேலூயா அப்போதுதான் அதிகம் பாடுவார்கள்.
"பாலாடைக்கட்டி உள்ள போகலாம், அல்லேலூயா மட்டும் வெளிய வரக் கூடாதா? நல்லா இருக்குடி உங்க நோன்பு."
அவளுக்கு இதயம் பாதிதான் வேலை செய்கிறது என்கிறார் டாக்டர். வாய் முழுசாக வேலை செய்கிறது.

மார்ச் 30
ஒத்திகை. யாரும் சறுக்கவில்லை. பெருமையாக இருந்தது.

ஏப்ரல் 6
ஆஸ்பத்திரி. அக்காவுக்கு மூச்சு வாங்குகிறது.
"நான் போனா நீ வந்து பாடணும். எங்க முறைப்படி, அல்லேலூயாவோட. உதட்டை மூடிக்கிட்டு நிக்காத."
"பாஸ்காவுக்கு அப்புறம் போயேன். எல்லாருக்கும் வசதி."
சிரித்தாள். கையை விடவில்லை. நான் சரி என்று சொல்லவில்லை. ஏன் சொல்லலை? ஊரைக் கூட்டி சத்தியம் வாங்கினவளே மீறினா அப்புறம் எவன் மதிப்பான்... மதிப்பாம் மதிப்பு. என் கூடப் பிறந்தவ கேக்கறா.

ஏப்ரல் 11
விடியற்காலை போய்விட்டாள். சரி என்று சொல்லியிருக்கலாம்.

ஏப்ரல் 12
அடக்கம். என் குழு மொத்தமும் வந்து வரிசையாக நின்றது, வாயை இறுக்கி மூடிக்கொண்டு. நான் பழக்கியதுதான். அக்காவின் கோவில் பாடகர் மெதுவாக அல்லேலூயா எடுத்தார். முதல் தடவை என்னால் முடியவில்லை. இரண்டாவது தடவை பாடினேன். குரல் நன்றாக இல்லை. பின்னாலிருந்து அபூ ஜிரியஸின் குரல் சேர்ந்தது, அப்புறம் எல்லோருடையதும். ஓர் ஓரத்தில் அபூனா ரிஃபாத்தும் நின்றிருந்தார். அவர் உதடும் அசைந்தது.
வீட்டில் துக்கத்துக்கு வந்தவர்களுக்குச் சர்க்கரையில்லாத காபி.

மே 4
இங்கே இரண்டு கோவிலுக்கும் ஆர்த்தடாக்ஸ் கணக்குப்படி ஒரே நாளில்தான் பாஸ்கா. அந்த இரவுக்கு முன் முற்றத்தில் கூடினோம். பெட்டியை எடுக்க மண்வெட்டியோடு அபூ ஜிரியஸ் வந்தார். ஆலிவ் மரத்தடியில் நின்று, "இதை நாம அக்கா அடக்கத்தன்னைக்கே தோண்டிட்டோமேம்மா" என்றார்.
எனக்கு அழுகை வந்துவிட்டது. யாரும் அவசரப்படுத்தவில்லை.
பிறகு, "வேரைப் பார்த்து வெட்டுங்க" என்றேன்.