அக்கா வீட்டு மஞ்சள் ஆண்கள்

பிப்ரவரி 9, திங்கள்

காலையிலேயே வெயில். கடைக்கு லீவு. மொட்டை மாடியில் தேனீப் பெட்டி முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்தேன். அக்கா பெட்டியின் மஞ்சள் ஆண் தேனீக்கள் இன்றும் வந்தன. அவள் வீடு இரண்டு தெரு தள்ளி. ஆனாலும் என் வாசலில்தான் மோப்பம். ஒவ்வொன்றாகப் பிடித்து நசுக்கினேன். துணி காயப்போட வந்த மகள் மலர், "அதுங்களுக்குக் கொடுக்குகூட இல்லியேப்பா" என்றாள். அதனால்தானே சுலபம் என்றேன். துணியைக் கொடியில் போட்டுவிட்டுக் கீழே போய்விட்டாள்.

என்னுடையது மலையிலிருந்து கொண்டு வந்த கறுப்பு ஜாதி. புது ராணி இந்த வாரம் பறந்துபோய் ஜோடி சேருவாள். தன் ஜாதி ஆணைத்தான் விரும்புவாள் என்று தேனீ வளர்ப்புப் பயிற்சியில் சொன்னார்கள். இருந்தாலும் நம்புவதற்கில்லை. அக்காவுக்குப் போன்: உன் பெட்டியில் ஆண் புழு இருக்கிற அடையை அறுத்து எறி. "பாவம்டா" என்று வைத்துவிட்டாள். எத்தனை தடவை கேட்பது. அறுக்கும்வரை இனி அவளோடு பேச்சில்லை.

பிப்ரவரி 24, செவ்வாய்

பெட்டியைத் திறந்தேன். ராணி முட்டை வைத்திருக்கிறாள், ஆனால் அடை முழுக்க ஓட்டை ஓட்டை. வேலைக்காரத் தேனீக்கள் புழுக்களைத் தின்கின்றன. உயிரோடு. தங்கள் வீட்டுப் புழுக்களையே.

ஏனாத்தூரில் பயிற்சி கொடுத்த மேடத்துக்குப் படம் அனுப்பினேன். ராணி கூடப்பிறந்தவர்களோடு சேர்ந்துவிட்டாளாம். அப்படிப் பிறப்பதில் பாதிவரை உதவாத புழு, மற்றவை தின்றுவிடுமாம். இவளை எடுத்துவிட்டால் புதிதாக ஒருத்தியை வளர்த்துக்கொள்ளும், ஆனால் அவளுக்கு வெளி ஆண் வேண்டும், பக்கத்தில் யாராவது பெட்டி வைத்திருக்கிறார்களா என்று கேட்டார்.

ராணியைக் கட்டைவிரலால் நசுக்கினேன். நல்ல கறுப்பு. கோபம்தான், வேறென்ன. கை கழுவிவிட்டுச் சாப்பிட்டேன்.

மார்ச் 9, திங்கள்

புழுக்கம். புது ராணி வந்துவிட்டாள். மஞ்சள் ஆண்களைத்தான் நாலைந்து நாளாகக் காணோம். வெட்கத்தை விட்டு அக்கா வீட்டுக்குப் போனேன், இனி அறுக்காதே என்று சொல்ல.

வாய் திறப்பதற்குள் அவளே ஆரம்பித்தாள். "நீ கேட்டுக்கினே இருந்தியே, மனசு கேக்கலடா. ஆண் அடை எல்லாத்தையும் அறுத்துக் கோழிக்குப் போட்டேன். பறந்துக்கினு இருந்ததையும் வாசல்லயே புடிச்சிக் கொன்னுட்டேன். இப்ப என்கிட்ட பேசுவியா?"

பேசுவேன் என்றேன். டீ கொடுத்தாள், குடித்தேன்.

அவள் பெட்டியில் புது ஆண் வளர்ந்து பறக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். ராணி அதுவரை பொறுக்கமாட்டாள். ஜோடி சேராமல் வயது தாண்டினால் ஆண் முட்டை மட்டும்தான், அதோடு கூட்டமே அழியும்.

மார்ச் 14, சனி

மதியம். காற்றில்லை. வாங்க வேண்டியது: சர்க்கரை, மலருக்குத் தைலம்.

ராணி வாசலுக்கு வந்தாள். விரலால் அடைத்தேன். முட்டினாள். மலர் பின்னால் நின்று, "வுடுப்பா. எவ்ளோ நாளு அடைச்சி வெப்பே?" என்றாள்.

விரலை எடுத்தேன். போனாள். பின்னாலேயே அவள் கூடப்பிறந்த கறுப்பு ஆண்கள், கூட்டமாக. கண் கூச மேலே பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரு மஞ்சள்கூட இல்லை.