அம்மா பெயரில் நாலாயிரம் அடி

அன்பு மகள் பாப்பாவுக்கு அப்பா எழுதுவது.

நான் சௌக்கியம். அம்மாவும் சௌக்கியம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. இதைப் படிக்கும்போது மாப்பிள்ளையைப் பக்கத்தில் உட்காரச் சொல். ஏழாம் மாதத்தில் தனியாகப் படிக்கிற கடிதம் இல்லை இது. போனில் சொன்னால் நீ அழுவாய், நானும் அழுவேன், அடுத்த அறையில் அம்மாவுக்குக் கேட்டுவிடும்.

பிரசவத்துக்கு அம்மாவை அழைத்துக்கொள்ள டிக்கெட் எடுத்துவிட்டதாக நேற்று செய்தி அனுப்பினாய். தினம் நாலாயிரம் அடி நடக்கிறவளுக்கு விமானத்தில் வர என்ன கஷ்டம் என்றும் கேட்டிருந்தாய். அம்மா வர மாட்டாள், கண்ணு. அவள் நடந்து நான்கு மாதம் ஆகிறது. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. அவள் இதயத்துக்கு ஆபரேஷன் தாங்காது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். வீடியோவில் நீ பார்ப்பது முகத்தை மட்டும்தான். தலைவாரி, முதுகுக்கு மூன்று தலையணை வைத்து நான்தான் உட்கார வைக்கிறேன்.

அப்படியானால் அந்த நாலாயிரமும் யார் நடந்தது என்பாய். நான்தான்.

சுகாதார நிலையத்து நர்ஸம்மா முதியோர் நடைக்குழு ஆரம்பித்து அடி எண்ணும் கைக்கடிகாரம் ஆளுக்கொன்று கொடுத்தபோது, உன் அம்மாதான் என்னைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனாள். நாற்பது வருஷம் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து தேய்த்தது போதும் என்றாள். எங்கள் கணக்கு உன் போனிலும் தெரிகிற மாதிரி நீ செய்துகொண்டாய். விழுந்த அன்று ஆஸ்பத்திரியில் அவள் வலி என்று சொல்லவில்லை. கடிகாரத்தில் ஒன்றும் ஏறவில்லை என்றால் பாப்பாவுக்குத் தெரிந்துவிடுமே என்றாள். இரண்டு தடவை உனக்குக் கரு கலைந்ததை அவளால் மறக்க முடியவில்லை. குழந்தை பிறக்கிறவரை மூச்சு விடக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

இரண்டு கடிகாரத்தையும் சேர்த்துக் கட்டினால் ஒரே கணக்கு வரும், நீ கண்டுபிடித்துவிடுவாய். அதனால் காலையில் எனக்காக நடந்தேன், சாயங்காலம் அவளுக்காக. ஆட்களை அளந்தே பிழைத்தவன் இல்லையா, அவள் எட்டு வைப்பது என்னைவிட ஆறு இஞ்ச் குறைவு என்று தெரியும். பூங்காவில் அவள் நின்று பேசுகிற இடத்திலெல்லாம் நின்று நின்று போனேன். சாயங்காலம் ஆனால் ஐயா அம்மாவாக மாறிவிடுகிறார் என்று குழுவில் கேலி செய்வார்கள். நர்ஸம்மா மட்டும் சிரிக்க மாட்டார். மகளிடம் சொல்லிவிடுங்கள் என்று பலமுறை சொன்னார், நான் கேட்கவில்லை.

பத்து நாளாக அவள் பாதி நேரம் தூங்குகிறாள். சாப்பாடும் ரெண்டு வாய்தான். டாக்டர் நாள் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சத்தியத்தை மீறித்தான் எழுதுகிறேன். கோபத்தை என்மேல் காட்டு, அவளிடம் வேண்டாம். இந்த உடம்போடு நீ கிளம்பி வரவும் கூடாது. அம்மாவைப் பார்க்கத் துடிப்பாய், ஆனாலும் வராதே.

கடிதம் கிடைத்ததென்று மாப்பிள்ளை சொல்கிறவரை வழக்கம்போல நடப்பேன். அதற்குப் பிறகு கடிகாரத்தை அவள் கையிலேயே கட்டிவிடுகிறேன். அவள் பெயரில் அடி சைபர் என்று வரும், பதறாதே. அதற்குக் கீழே இதயத் துடிப்பு என்று ஓர் எண் வருமே, நான்கு மாதமாக நீ பார்த்தது என்னுடையது. இனி வருவது அவளுடையது. தினம் அதைப் பார், கண்ணு. உன் குழந்தை கைக்கு வருகிறவரை அது வந்துகொண்டிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்.

நீ நூறாண்டு இரு.

உன் அப்பா