சொல்லிக்கொள்ளாமல் கிளம்புகிற வீடு

சுருளிப்பட்டி,
9.11.2008

அன்பு மகள் வேல்விழிக்கு, அழகுமலைச் சித்தப்பா எழுதுவது. இங்கே நான் கல்லுப்போல இருக்கிறேன், பெரியவன் பாண்டியும் சுகம், உன் சித்தியைச் சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை. லண்டன் குளிர் உனக்கு ஒத்துக்கொள்கிறதா என்று எழுது. இப்போது நான் சொல்லப்போகும் கதையைக் கம்பம் பள்ளத்தாக்கில் ஒருவனும் நம்பமாட்டான் என்று சுருளி அருவி மேல் சத்தியம் செய்துவிட்டுத் தொடங்குகிறேன்.

உன் தம்பி வினோத் குமுளி மலை ரோட்டில் ஜீப்போடு பள்ளத்தில் விழுந்து போன நாளிலிருந்து சித்தி பேசவும் இல்லை, ஒரு சொட்டு அழவும் இல்லை என்று போனில் சொன்னேனே, அதற்காக நீ அனுப்பிவைத்த, உன்னிடம் படித்த மதுரை மாணவி ஜான்சி வந்தாள். சாவு வீடாக இல்லாவிட்டால் ஏழு யானை விட்டு அழைத்திருப்பேன். கவுன்சிலிங் படித்த பிள்ளையல்லவா, பதவிசாக உட்கார்ந்து மெதுவாகத்தான் பேசினாள். எழுந்திருக்கும்போதுதான் சித்தி கையைப் பிடித்து, "போயிட்டு வர்றேம்மா, அடுத்த புதன்கிழமை கண்டிப்பா திரும்ப வருவேன்" என்றுவிட்டாள். பதினாறாம் நாள் காரியம்கூட முடியாத வீட்டில்! என் அக்கா ராக்கம்மாள் எழுந்த எழுச்சியில் மேற்கு மலை ஒரு அடி கேரளாப் பக்கம் நகர்ந்தது. "ஏலே அழகு, அடுத்த சாவுக்குல்ல நாள் குறிச்சிட்டுப் போறா இந்தப் புள்ள" என்று கத்தினாள். மிச்சமிருக்கிற பாண்டியும் அதே ரோட்டில்தானே ஜீப் ஓட்டுகிறான். சித்தி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஜான்சி வீட்டு வழக்கம் வேறாம், பிற்பாடு நான் கேட்டபோது சொன்னாள். ஆனால் அதைச் சொல்லி அவள் வாதாடவில்லை. புதன்கிழமை வந்து தெருவிலேயே நின்று, "நான் எதுல தப்புப் பண்ணினேன்னு எனக்குத் தெரியலைம்மா, சொல்லுங்க" என்று அக்காவிடமே கேட்டாள். "படிச்ச படிப்புல இது இல்லையாக்கும் ஆத்தா" என்று ஒரு குத்துக் குத்திவிட்டுத்தான் அக்கா விளக்கினாள். எனக்கு உன்மேலும் ஒரு வருத்தம் மகளே. இந்த வீட்டில் வளர்ந்தவள் நீ, அடுத்தவர் வழக்கத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு நடக்கணும் என்று அங்கே வகுப்பெடுக்கிறவளும் நீ, இதை அந்தப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பவில்லையே. நீ திட்டுவாய் என்று அவள் பயந்துகிடக்கிறாள். திட்டாதே. உன் வகுப்பில் இதைச் சொல்லு, சொல்லும்போது உன் பங்கையும் சேர்த்துச் சொல்லு. அப்புறம் அவள் வரும்போது வந்தாள், சொல்லாமல் போனாள், கேள்வி ஏதும் கேட்காமல் சித்தி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். போன வியாழக்கிழமை அப்படிச் சத்தமில்லாமல் எழுந்தவளின் கழுத்தைக் கட்டிக்கொண்டு சித்தி ஓவென்று ஒரு அழுகை வைத்தாள் பார், லோயர் கேம்ப் பவர் ஹவுஸ் நின்றுபோச்சு, தேனி மார்க்கெட்டில் மூட்டையெல்லாம் மிதந்தது, வைகை இரண்டு கரையும் புரண்டு மதுரைக்காரர்கள் மொட்டைமாடியில் ஏறிக்கொண்டார்கள்.

சுருளி வேலப்பர் உனக்குத் துணையிருப்பார், நல்லா இரு தாயி. வெறுங்காலோடு பனியில் இறங்காதே. ஜான்சிக்கு மறக்காமல் போன் போடு. கதையை மட்டும் நம்பிவிடாதே. பவர் ஹவுஸ் ஓடிக்கொண்டுதான் இருந்தது, வைகையும் அதுபாட்டுக்குப் போனது. சித்தி அழுத சத்தம் அடுத்த வீட்டுக்குக்கூடக் கேட்கவில்லை. ஆனால் வினோத் பெயரைச் சொல்லி அழுதாள் மகளே, அது மட்டும் நிஜம்.

உன் சித்தப்பா,
அழகுமலை