உன் கூரைத் தண்ணீரும் நம் சுவரும்

இன்று காலை ஹாலுக்குள் வந்ததும் ஈரச் சுவர் வாடை மூக்கில் ஏறியது. உடனே உன் நினைவு. மற்றவர்களுக்குச் செத்துப்போன நண்பனை ஊதுபத்தி நினைவூட்டும், எனக்குப் பூஞ்சை. உனக்கு அதுதான் பொருத்தம்.

கிள்ளானில் ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகள். நம் இருவருக்கும் நடுவே ஒரே சுவர். உன் கூரை விளிம்புக் கட்டரிலிருந்து இறங்கும் மழைநீர்க் குழாயை எல்லோரையும்போல வாசல் சாக்கடையில், லோங்காங்கில், விட்டிருந்தால் நான் நிம்மதியாகத் தோசை தின்றுகொண்டிருப்பேன். நீயோ அதைப் பாதியில் அறுத்து, கார் கழுவத் தண்ணீர் பிடிக்கிறேன் என்று அடியில் ஒரு நீலப் பீப்பாயை, உன் அருமைத் தோங்கை, வைத்தாய். நம் ஊர் மழைக்கு அது எம்மாத்திரம்? நிரம்பி வழிந்ததெல்லாம் சுவரடி மண்ணுக்குள் போனது.

"தண்ணி அஸ்திவாரத்துல எறங்குதுடா. வீடு ஒக்காந்துடும்!" என்று வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கத்துவேன்.

"ஒக்காரட்டும்லா. எத்தன வருசந்தான் நிக்கும்? அதுக்குக் கால் வலிக்காதா?"

தீபாவளிக்குத் தீபாவளி என் பக்கச் சுவரில் விரிசல் நீண்டது. பண்டிகைக்குப் பெயிண்ட் அடிக்காமல் இருப்போமா? விரிசலில் புட்டி மாவு அப்பி, பெயிண்ட் அடித்து, அதற்கும் மேலே காலண்டர். நீ முறுக்கைக் கடித்தபடி காலண்டரைத் தூக்கிப் பார்த்து, "கலர் நல்லாருக்கு" என்பாய். விருந்தாளிகள் முன்னால் உன்னை எப்படி அடிப்பது?

இப்போது உன் மனைவி தனியாக இருக்கும் வீடாயிற்றே அது. சுவர் இறங்கினால் இருவருக்கும்தான். புதுக் குழாயோடு போய் நின்றேன்.

"அவரு வச்சதுண்ணே. தோங்க நவுத்தாதீங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு, தங்கச்சியை என் ஹாலுக்குக் கூட்டிவந்து காலண்டரைக் கழற்றினேன். விரிசலில் அவள் விரல் நுழைந்தது.

"எங்க பக்கமும் இருக்குண்ணே. கல்யாணப் போட்டோவ மாட்டி மறச்சு வச்சிருக்காரு. உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னாரு. குழாயப் போட்ருங்க."

பாவி! தெரிந்தே இருந்திருக்கிறாய்!

மத்தியானத்துக்குள் குழாயைப் பொருத்தினேன். சாயங்கால மழை கொட்டியது. உன் கூரைத் தண்ணீர் அத்தனையும் நேராக லோங்காங்குக்குப் போனது. சுவரடியில் ஒரு சொட்டுகூடத் தேங்கவில்லை. குடையும் கையுமாக வேலியோரம் ஓடிப்போய், "பாத்தியாடா!" என்று கத்தியேவிட்டேன்.

உள்ளேயிருந்து, "என்னண்ணே?" என்றாள் உன் மனைவி.

இத்தனை வருஷத்தில் உன்னை ஒரே ஒரு முறை ஜெயித்திருக்கிறேன். நீ இல்லாமல் இதை வைத்துக்கொண்டு நான் என்னடா செய்வது?