வாசல் அரளி

என் கண்ணு மகளுக்கு,

பேரன் எதையும் வாயில் வைக்கிறான், அரளியை வெட்டினால்தான் வருவேன் என்றாயே. இன்று வேரோடு வெட்டிவிட்டேன்.

நம் திருவொற்றியூர் சந்தில் எந்தச் செடி வைத்தாலும் ஆடு மேய்ந்துவிடும். "இத்த துன்னாது பாரு, மோந்துட்டு ஓடிடும்" என்று சிரித்துக்கொண்டே உன் அப்பா நட்டது. மீன் கழுவின தண்ணீரிலேயே வளர்ந்தது. மாசியில் பூத்துவிட்டால், துறைமுகத்து வேலை முடிந்து வருகிறவர் அதன் பக்கத்தில் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் உள்ளே வருவார்.

இந்த மாசிக்கும் பூத்தது. அவர் இல்லாதது அதற்குத் தெரியவில்லை.

பூவையெல்லாம் அம்மன் கோயிலுக்குக் கொடுத்தேன். புகையும் விஷம் என்பார், அதனால் கிளையை எரிக்கவில்லை. பால் பட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன்.

வாசல் வெறிச்சென்று கிடக்கிறது. சீக்கிரம் பிள்ளையைக் கொண்டுவந்து அதில் விடு.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அம்மா