நான் எடுக்கச் சொன்ன கேள்வி

இயேசு மரி சூசை துணை

நாச்சியாபுரம்
20-2-2026

அன்பு மகன் மரிய ஆனந்துக்கு அப்பா எழுதுறது. இங்க நானும் ஒங்கம்மாவும் எந்திரிச்சு நடமாடிக்கிட்டு இருக்கோம், நீ அந்தக் குளிர் ஊர்ல சளி காய்ச்சல் இல்லாம இருக்கணும்னு தெனமும் மாதாவ வேண்டிக்கிர்றோம். போன் இருக்கும்போது இவரு எதுக்குக் கடுதாசி எழுதுறாருன்னு நெனப்ப. போனத் தொடவே எனக்குப் புடிக்கலப்பா. அது மேசையில குப்புறக் கெடக்கு, மணி அடிச்சா ஒங்கம்மாதான் எடுக்குறா. அவளுக்கு மதுரையில கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சிருச்சு, நாலு வேளையும் சொட்டு மருந்து நாந்தான் விடுறேன், பாதி கன்னத்துல வழியுதுன்னு திட்டு வாங்குறேன். மழை இந்தத் தடவ போதும் போதும்னு பேஞ்சு கம்மாய் நெறஞ்சுச்சு, கவுனி நெல்லு அப்படி ஒரு வெளச்சல். எல்லார் வீட்டு மூட்டையும் லாரி ஏறிப் போயிருச்சு, வீரையா வீட்டு மூட்டை மட்டும் கேக்க ஆளில்லாமக் கெடக்கு. அதச் சொல்லத்தான் ஒக்காந்தேன், சுத்தி வளச்சு எங்கயோ போறேன் பாரு.

பாதி ஒனக்குத் தெரிஞ்ச கதைதான், ஆனா வரிசையா எழுதிப் பாத்தாத்தான் எனக்குக் கொஞ்சமாச்சும் மூச்சு விட முடியும். நம்ம விவசாயச் சங்கத்துல முப்பத்தெட்டு வயல், நான் செயலாளர். ரசாயன மருந்து படாத கவுனி அரிசி மட்டும் வாங்குற வெளிநாட்டுக் கம்பெனிக்காரங்க, எந்த வயல்ல என்ன போட்டீங்கன்னு யாராலயும் மாத்த முடியாத மாதிரி பிளாக்செயின்ல எழுதி வைக்கணும்னு சொன்னாங்க. அந்தக் கட்டங் கட்டமா இருக்குற ஃபாரத்துல என்னால தட்டி எழுத முடியாதுன்னதும், நீ லீவுல வந்தப்ப, ஒன் ஆபீஸ்ல செய்யிற டூல் சர்வர் மாதிரியே ஒண்ண நமக்கும் மாட்டிக் குடுத்த. போன்ல இருக்குற ஏஐகிட்ட நம்ம பேச்சுல சொன்னாப் போதும்ப்பா, அந்த சர்வர் நடுவுல நின்னு இங்குட்டுச் சொல்றத அங்குட்டுக் கொண்டுபோயி எழுதிரும்னு சொன்ன. ஊரே வாயப் பொளந்துச்சு. எனக்கும் பெருமைக்குக் கொறச்சலில்ல, சர்ச்சு வாசல்ல நின்னு எத்தன பேருகிட்டப் பீத்தியிருக்கேன் தெரியுமா.

ஆனா அது ஒவ்வொரு தடவையும் எழுதவா, எழுதுனா அழிக்க முடியாது, நிச்சயமாத்தானான்னு கேக்கும். எரு போட்டதுக்கும் கேக்கும், களை எடுத்ததுக்கும் கேக்கும். முப்பத்தோரு வருஷம் வாத்தியாரா இருந்தவனப் பாத்து நிச்சயமாவான்னு கேக்க இது யாருன்னு எனக்குப் பொத்துக்கிட்டு வந்துச்சு. ஒன்னக் கூப்பிட்டு அந்தக் கேள்விய எடுத்துத் தொலைடான்னு கத்துனேன். வேணாம்ப்பா, அது இருக்கட்டும்னு நீ ரெண்டு தடவ சொன்ன. பெத்தவனுக்கே பாடம் நடத்துறியான்னு கேட்டேன். மறுநாள் எடுத்துட்ட. நீ நல்ல பிள்ளையா இருந்ததுதான் தப்பாப் போச்சு.

கார்த்திகையில நெல்லுல புகையான் பூச்சி விழுந்தது ஞாபகம் இருக்கா. பதினேழாம் நம்பர் வயல் வீரையாவோடது. ஒனக்கு அவன நல்லாத் தெரியும், நீ மொதமொத வெளிநாடு போனப்ப ஒன் பெட்டியத் தோள்ல வச்சுக்கிட்டு காரைக்குடி ஸ்டேஷனுக்கு வந்தவன். பயிர் கண்ணு முன்னால காயிறதப் பாத்து மனசு தாங்காம மடைக்கிட்ட ஒரு மூலையில மட்டும் மருந்தடிச்சுப்புட்டான். ரெண்டு நாள் கழிச்சு அவனாவே வந்து எங்கிட்டச் சொன்னான். சங்கத்துல இதுக்கு வழக்கம் இருக்கு. தப்புப் பண்ணவன் தானா வந்து சொல்லி, அந்த நெல்லத் தனியா வச்சு, அய்யனார் கோயிலுக்கும் நம்ம சர்ச்சுக்கும் வெளக்கெண்ணெய் வாங்கிக் குடுத்துட்டா அதோட முடிஞ்சுச்சு. அதுக்கப்பறம் அதப் பத்தி யாராச்சும் வாயத் தெறந்தா, தெறந்தவன் எண்ணெய் வாங்கித் தரணும். ஏழு வருஷத்துல அஞ்சாறு பேரு அப்படி வாங்கிக் குடுத்திருக்காங்க, யாரு யாருன்னு கேட்டா இன்னைக்கு எனக்கே ஞாபகம் இல்ல.

வீரையா எண்ணெய் வாங்கத் திருப்பத்தூருக்குக் கெளம்பிட்டான். எனக்குக் கோவம் அடங்கல. எங்கிட்டப் படிச்சவன், இப்படிப் பண்ணிட்டானேன்னு. பள்ளிக்கூடத்துல வகுப்புல எவனாச்சும் பேசுனா லீடர் பயல்கிட்ட எழுதிப் போடுடா அவன் பேரன்னு சொல்லுவேன், அவன் கரும்பலகையில எழுதுவான், சாயங்காலம் மணி அடிச்சதும் நானே டஸ்டர எடுத்து அழிச்சிருவேன். அந்த நாக்கு எங்க போகும். போன எடுத்து, பதினேழாம் நம்பர் வீரையா மருந்தடிச்சுட்டான், எழுதிப் போடு அவன் பேரன்னு சொல்லிப்புட்டேன். எழுதியாச்சுன்னு சொல்லுச்சு. அவ்வளவுதான். எழுதவான்னு கேக்கல. ஒங்கம்மா அடுப்படியிலருந்து எட்டிப் பாத்து, யாரத் திட்டுறீகன்னு மட்டும் கேட்டா. அந்திக்கு வீரையா ரெண்டு எண்ணெய் டின்னோட வந்து நிக்குறான்.

கம்பெனிக்காரங்ககிட்டயும் இதே மாதிரி ஒரு ஏஐ இருந்து பிளாக்செயினப் படிச்சுக்கிட்டே இருக்குமாம். மறுநாளே தாக்கல் வந்துருச்சு, பதினேழாம் நம்பர் வயல்ல வெளஞ்சது எதையும் வாங்க மாட்டோம், அந்த வயல சங்கத்துல வச்சிருந்தா மத்த முப்பத்தேழையும் வாங்க மாட்டோம்னு. ஒங்கிட்டக் கேட்டதுக்கு, அழிக்க முடியாதுப்பா, கீழ வேணும்னா ஒரு வரி சேக்கலாம்னு சொன்ன, சேத்தோம். ஒரு மூலையிலதான் அடிச்சான், அந்த மூலை நெல்லு தனியாத்தான் இருக்கும், எழுதச் சொன்ன செயலாளருக்குப் புத்தி இல்லன்னு என் பேரப் போட்டே சேத்தோம். கம்பெனிக்கும் எழுதுனேன். உங்கள் வருத்தம் புரிகிறது, ஆனால் விதி இதுதான்னு அந்த ஏஐ பதில் போட்டுச்சு, நல்ல தமிழ்ல, அவ்வளவு மரியாதையா. திட்டியிருந்தாக்கூட திருப்பித் திட்டியிருப்பேன்.

பொங்கல் கழிச்சுக் கூட்டம் போட்டோம். வீரையாவ நீக்குறதுன்னு தீர்மானத்த என் கையாலதான் எழுதுனேன். அவன் மூலையில ஒக்காந்திருந்தவன், சார் என்ன பண்ணுவாக பாவம்னு பக்கத்துல இருந்த மருதுகிட்டச் சொன்னான். என் காதுல விழுந்துச்சுடா. அங்கயே பூமி பொளந்திருக்கக் கூடாதா.

வயல பத்து வருஷத்துக்குத் தைலமரம் போடக் குத்தகைக்கு விட்டுட்டான். ஒரு தடவ அது வேர் ஓடுச்சுன்னா அப்பறம் அங்க நெல்லு ஏது. திருப்பூர்ல ஒரு மில்லுல வாட்ச்மேன் வேலையாம், போன திங்கக்கிழம புருஷனும் பொண்டாட்டியும் சொல்லிட்டுப் போக வந்தாக. நாகவல்லி வாசல்லயே நின்னுக்கிட்டா, உள்ள வரல. அவன் மட்டும் வந்து, கவலப்படாதீக சார், தம்பி செஞ்ச மிசின்தானே, ஒரு வார்த்த சொன்னா அழிச்சிருவாக, அழிச்ச ஒடனே போன் போடுங்க, மரத்தப் புடுங்கிட்டு வந்துர்றேன்னு சொன்னான். அழிக்க முடியாதுடான்னு சொல்லணும்னுதான் வாயத் தெறந்தேன். சரிப்பான்னு சொல்லி அனுப்பிட்டேன். இப்ப அவன் திருப்பூர்ல ஒக்காந்து என் போனுக்குக் காத்துக்கிட்டு இருக்கான்.

விபூதி புதனுக்குச் சாமியார்கிட்டப் பாவசங்கீர்த்தனம் பண்ணேன். எல்லாத்தையும் கேட்டுட்டு மன்னிச்சாச்சு, சமாதானமாப் போங்கன்னு சொன்னாரு. வீட்டுக்கு வந்து ஒங்கம்மாவ விட்டுப் போன்ல பாக்கச் சொன்னேன். பதினேழாம் நம்பருக்கு நேரா நான் சொன்னது அப்படியே இருக்குன்னா. இந்தக் காகிதத்துல நாலு எடத்துல தப்பா எழுதி அடிச்சிருக்கேன், அடிச்சா அடிபட்டுருது, அதையே கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டு இருந்தேன்.

ஒன்மேல எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்ல சாமி. நேரத்துக்குச் சாப்புடு, பனியில காதுக்குத் துணி கட்டாம வெளிய போகாத, ஞாயித்துக்கெழம பூசையத் தவற விடாத. அம்மா நார்த்தங்கா ஊறுகா போட்டு வச்சிருக்கா, ஆள் கெடச்சா அனுப்புறோம். மாதா ஒன்னக் கண்ணுக்குள்ள வச்சுக் காப்பாத்தட்டும், ஒன் கையால ஒரு குடும்பத்துக்கும் கெடுதல் வராம இருக்கட்டும். ஒண்ணே ஒண்ணு மட்டும் மறந்துறாத. நீ இன்னும் எத்தனையோ ஊருக்கு இத மாட்டிக் குடுப்ப. எங்கயாச்சும் ஒரு கெழவன் என்ன மாதிரி, அந்தக் கேள்விய எடுத்துத் தொலைன்னு கத்துவான். அவன் ஒன் அப்பனாவே இருந்தாலும் கத்திட்டுப் போகட்டும், எடுத்துறாத.

இப்படிக்கு,
நீ வேணாம்னு ரெண்டு தடவ சொல்லியும் கேக்காத ஒங்கப்பா,
ச. அருள்பிரகாசம்